அரக்கர் குலத்தில் நல்லவர் இல்லையா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெண்கல்வியைப் பற்றியும் பாடசாலையின் வரலாற்றைப் பற்றியும் எமக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே பேசிவிட்டார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றக்கூடும். கற்பனைக் கதைகளில் வருகின்ற அரக்கர், பூதர், இராட்சதர் முதலிய இனங்களிலே நல்லவர் ஒருவர் இருக்க முடியுமா என்பதே அது. இதை எம்மிடம் கேட்பவர்கள் எமது பிள்ளைகள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவர்கள் தலையணை அளவு ஆங்கில நாவல்களை வாசிக்கிறார்கள்; அதே கதைகளைக் கணினியில் விளையாடுகிறார்கள். அவர்களை இருத்திவைத்துக் கந்தபுராணக் கதை சொன்னால், "சூரனுடைய ஆட்கள் எல்லாருமே கூடாதவர்களா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லவேண்டிய அம்மாவும் அம்மம்மாவும் நாம்தான். பதிலைக் கொஞ்சம் யோசித்து வைத்திருப்பது நல்லது.

முதலில் அவர்களுடைய புத்தகத்திலிருந்தே தொடங்குவோம். ஜே.ஆர்.ஆர். டோல்கீன் என்ற ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் எழுதிய 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' 1954இலும் 1955இலும் மூன்று பாகங்களாக வெளிவந்தது. இன்றைய கற்பனை நாவல்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே தாய்வீடு. தீய சக்தியின் படையாக அதில் வருபவர்கள் ஓர்க்குகள். அவலட்சணமானவர்கள், கொடியவர்கள், ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்தப்படுபவர்கள். வாசிக்கும் பிள்ளை அவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கதைக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தீமையால் எதையும் புதிதாகப் படைக்க முடியாது, இருப்பதைக் கெடுக்கத்தான் முடியும் என்பது டோல்கீனின் அடிப்படை நம்பிக்கை. அப்படியானால் ஓர்க்குகள் எங்கிருந்து வந்தார்கள்? அவர் இறந்த பின் 1977இல் வெளியான 'சில்மரில்லியன்' நூலில், பழைய காலத்தில் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளான எல்ஃப் இனத்தவரே ஓர்க்குகளாகக் கெடுக்கப்பட்டனர் என்று ஒரு விளக்கம் வருகிறது. அதாவது கதையின் மிக உயர்ந்த குலமும் மிகத் தாழ்ந்த குலமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த விளக்கத்தோடும் அவர் அமைதி கொள்ளவில்லை. மனிதரிலிருந்து வந்தவர்களா, பேசப் பழகிய விலங்குகளா என்று தம் கடைசிக் காலம் வரை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார். பிற்காலக் குறிப்பொன்றில், ஓர்க்குகள் சரணடைந்து இரக்கம் கேட்டால் அதனால் நட்டம் வந்தாலும் இரக்கம் காட்டியே ஆகவேண்டும் என்ற கருத்தையும் பதிந்து வைத்தார். ஆனால் பெரிய நாவலில் எந்த ஓர்க்கும் சரணடைவதாக ஒரு காட்சி இல்லை.

அந்த நாவலில் இரண்டு இடங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்திருந்து வாசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, சாம் என்ற எளிய தோட்டக்காரன் தன் வாழ்நாளில் முதன்முறையாகப் போரில் மனிதன் மனிதனைக் கொல்வதைக் காணும் இடம். எதிரிப் படையைச் சேர்ந்த தென்னாட்டு வீரன் ஒருவன் அவன் காலடியில் வந்து விழுந்து இறக்கிறான். இவனுடைய பெயர் என்ன, எந்த ஊர், உண்மையிலேயே மனம் கெட்டவனா, அல்லது எந்தப் பொய்யோ பயமுறுத்தலோ இவனை வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்ததா என்று சாம் யோசிக்கிறான். போரை எழுதிய இலக்கியங்களில் இதைப் போன்ற மனிதத்தன்மையுள்ள இடங்கள் அதிகமில்லை. டோல்கீன் 1916இல் சொம் போர்க்களத்தில் நின்றவர் என்பதை நினைத்தால் அதன் கனம் விளங்கும். ஆனால் செத்துக் கிடக்கும் ஓர்க்கைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கதையில் எவரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் வேறோர் இடத்தில் இரண்டு ஓர்க்குகள் தனியே இருந்து கதைக்கின்றன. மேலதிகாரிகளின் தொல்லை பற்றி முறைப்படுகின்றன. இந்தப் போர் முடிந்தால் நம்பிக்கையான சில பேரோடு எங்காவது போய்ப் பெரியவர்கள் இல்லாத இடத்தில் இருக்கலாம் என்று ஆசைப்படுகின்றன. போய்க் கொள்ளையடிக்கத்தான் ஆசை என்றாலும், களைத்துப்போன எந்தச் சிப்பாயும் பேசுகிற பேச்சுத்தானே அது?

இரண்டாவது, ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போர் முடிந்த காலை. தாக்க வந்த படையில் ஓர்க்குகளும் இருந்தார்கள், டன்லாந்து என்ற மலைநாட்டு மனிதரும் இருந்தார்கள். ஓர்க்குகள் காட்டுக்குள் ஓடி ஒருவர் மிச்சமில்லாமல் அழிகிறார்கள். மனிதர்களோ ஆயுதத்தைக் கீழே போட்டதும் மன்னிக்கப்படுகிறார்கள். உடைந்ததைக் கட்டித் தந்துவிட்டு, இனி ஆயுதத்தோடு ஆற்றைக் கடப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள் வென்றவர்கள். டன்லாந்தவர்கள் திகைத்துப் போகிறார்கள். ஏனென்றால், பிடிபடுபவர்களை இந்த நாட்டார் உயிரோடு எரிப்பார்கள் என்று அவர்களுடைய தலைவன் சொல்லி வைத்திருந்தான்.

இந்த ஒரு வரிச் செய்தியில்தான் எமது தலைப்பின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறோம். நாங்கள் அரக்கர் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு, எங்களைத்தான் அரக்கர் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

டோல்கீனுக்கு இது தெரியாமலில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், படையிலிருந்த மகனுக்கு எழுதிய கடிதங்களில், கதையில் ஓர்க்குகள் ஒரு பக்கம் நிற்கலாம், நிஜ வாழ்வில் அவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள் என்ற பொருள்பட எழுதினார். அவர் பிழை பிடிக்கப்படவேண்டியவர் என்று நாம் சொல்ல வரவில்லை. தம் கதையை விடத் தம் மனச்சாட்சி பெரிதாக இருந்தபடியால்தான் அவர் இவ்வளவு காலம் அதோடு மல்லுக்கட்டினார்.

"கதையென்றால் கெட்டவன் வேண்டாமா? எல்லாரையும் நல்லவராக்கினால் பிள்ளைக்கு நன்மை தீமை எப்படி விளங்கும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்குப் பயங்கரமான பூதம் வேண்டும். அதை வெல்லும் துணிவும் வேண்டும். ஆனால் இங்கே இரண்டு விதமான பூதங்கள் இருக்கின்றன. ஒன்று, தீமைக்கே கொடுத்த உருவம். பஞ்சம், கொள்ளைநோய், பேராசை, மரணபயம் ஆகியவற்றைக் கதைகாரன் கொம்பும் பல்லும் வைத்துக் காட்டுகிறான். அதற்குப் பசி உண்டு, சமையல் இல்லை. அதை வெட்டுவதில் பாவமில்லை. மற்றது, ஓர் இனம். அதற்கு மொழி உண்டு, ஊர் உண்டு, உணவு உண்டு, முறைப்பாடு உண்டு, குழந்தை உண்டு. ஒரு கதைகாரன் இவற்றையெல்லாம் கொடுத்துவிட்ட பிறகு, "இவர்கள் பிறப்பிலேயே கெட்டவர்கள்" என்று சொன்னால் அது வேறு விதமான பேச்சாகிவிடுகிறது. அந்தப் பேச்சை நாம் கதைக்கு வெளியேயும் கேட்டிருக்கிறோம்.

பெண்பிள்ளைகள் பாடசாலையில் படித்தவர்களுக்கு ஒரு சுலபமான சோதனை சொல்கிறோம். அந்தப் பூதத்துக்குத் தாய் இருக்கிறாளா என்று பாருங்கள். பழைய ஆங்கிலக் காவியமான 'பேயோவுல்ஃப்'இல் கிரென்டல் என்ற பூதம் மண்டபத்துக்குள் புகுந்து மனிதரைத் தின்கிறது. வீரன் அதைக் கொல்கிறான். கதை அங்கே முடியவில்லை. மறுநாள் இரவு கிரென்டலின் தாய் வருகிறாள், பிள்ளைக்குப் பழிவாங்க. அவள் வந்த அந்தக் கணமே கிரென்டல் வெறும் பூதமாக இருப்பதிலிருந்து சற்று விலகிவிடுகிறான். 1971இல் ஜோன் கார்ட்னர் என்ற அமெரிக்க எழுத்தாளர் அதே கதையைக் கிரென்டலின் வாயாலேயே சொல்லி ஒரு நாவல் எழுதினார்.

பிள்ளைகளின் விளையாட்டு உலகத்திலும் இது நடந்திருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' விளையாட்டில் எந்த இனம் எந்தப் பக்கம் என்று விதிப்புத்தகமே வகுத்து வைத்தது. பிந்திய பதிப்புகளில் ஓர்க் என்றால் தீயது என்பது அட்டவணையிலேயே அச்சாகியிருந்தது. 1988இல் ஆர்.ஏ. சல்வடோரே அந்த உலகத்தை வைத்து எழுதிய நாவலில், நிலத்தடியில் வாழும் கொடிய கறுப்பு எல்ஃப் இனத்திலிருந்து தப்பி வந்த டிரிஸ்ட் என்ற நல்லவன் தோன்றினான். வாசகர்கள் அவனைக் கொண்டாடினார்கள். 2020இல் அந்த விளையாட்டின் வெளியீட்டாளர்களே, ஓர்க்குகளையும் அந்த எல்ஃப்களையும் மற்ற மக்களைப் போல நன்மையும் தீமையும் கலந்த சமூகங்களாகவே இனிக் காட்டப்போவதாக அறிவித்தார்கள்.

டிரிஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் இனத்திலே நல்லவன் ஒருவனைக் காட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது. அந்த ஒருவன் நல்லவன் என்று வியக்கும்போதே மற்றவர்கள் கெட்டவர்கள் என்பது உறுதியாகிவிடுகிறது. "நீங்கள் உங்கட ஆட்களைப் போல இல்லை, நல்ல ஆள்" என்ற பாராட்டை வேலைத்தலத்திலோ பேருந்திலோ எங்களில் பலர் வாங்கியிருப்போம். சொன்னவர் அன்பாகத்தான் சொன்னார். கேட்டவருக்கு அது இனித்ததா? டெரி பிரச்செட் 2009இல் எழுதிய 'அன்சீன் அகடமிகல்ஸ்' நாவலில் நட் என்ற ஓர்க் இளைஞன், தனக்கு ஏதோ மதிப்பு உண்டு என்பதை ஒவ்வொரு நாளும் வேலை செய்து நிரூபித்துக்கொண்டே இருக்கிறான். மற்ற எவரும் உயிரோடிருப்பதற்கு அப்படி நிரூபிக்க வேண்டியதில்லை. நகைச்சுவை நாவல்தான், ஆனாலும் வாசிக்கும்போது நெஞ்சு கனக்கும்.

இனி எமது பக்கத்துக்கு வருவோம். எமது மரபு இந்தக் கேள்வியை மிகப் பழைய காலத்திலேயே கேட்டிருக்கிறது. கம்பராமாயணத்தில் வீடணன் இராவணனை விட்டு நீங்கி இராமனிடம் போகிறான். இராமன் அவனைத் தன் சகோதரரில் ஒருவனாகவே எண்ணிக்கொள்கிறான். வீடணன் மட்டுமே இருந்திருந்தால், நல்ல அரக்கன் என்றால் எமது பக்கம் வந்துவிட்ட அரக்கன் என்று ஆகிவிடும். கம்பர் அத்தோடு நிற்கவில்லை. கும்பகருணன் அண்ணனுக்கு முன்னால் நின்று, செய்தது பிழை, சீதையை விட்டுவிடு என்று நேரே சொல்கிறான். தம்பி வந்து அழைத்தும் போக மறுத்து, பிழையென்று தெரிந்த போரிலேயே செஞ்சோற்றுக் கடனுக்காக உயிரை விடுகிறான். திரிசடையோ எங்கும் போகவில்லை. இலங்கையிலேயே, அசோகவனத்திலேயே, அரக்கியர் நடுவிலேயே இருந்துகொண்டு சிறைப்பட்ட ஒரு பெண்ணுக்குத் துணையாக இருக்கிறாள். அவள் கட்சி மாறவில்லை, வாள் எடுக்கவில்லை. பக்கத்திலிருந்து ஆறுதல் சொன்னாள். நல்லவளாக இருப்பதற்கு அது போதுமாயிருந்தது. பட்டிமன்றங்களில் வீடணனா கும்பகருணனா என்று வாதாடுகிறோம். திரிசடைக்கும் ஒரு மேடை கொடுக்கவேண்டும்.

பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று குறித்தார். கோயில் மண்டபத்தில் ஒருவர் புராணம் வாசிக்க மற்றவர் பயன் சொல்ல, பாய் விரித்திருந்து கேட்டு வளர்ந்த சமூகம் எங்களுடையது. கச்சியப்ப சிவாசாரியார் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பாடிய அந்தப் புராணத்தில் சூரபன்மன் யார்? காசிப முனிவருடைய மகன். தேவர்களுக்கும் தந்தை அதே காசிபர். தாய்மார் வேறு, தந்தை ஒருவர். தேவரும் அசுரரும் பங்காளிகள். ஆகவே அசுரத்தன்மை இரத்தத்தில் வருவதல்ல, நடத்தையில் வருவது. தேவர்களைச் சிறைவிடு என்று சூரனுக்குப் புத்தி சொன்ன சிங்கமுகனும் அசுரனே. முடிவிலும் சூரன் அழிக்கப்படவில்லை. மாமரமாய் நின்றவனை வேல் பிளக்க, ஒரு பாதி மயிலாகவும் மறு பாதி சேவலாகவும் மாறுகிறது. ஒன்று வாகனம், மற்றது கொடி.

கந்தசட்டி நாளில் சூரன்போர் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சூரனைத் தோளில் தூக்கி ஆட்டுபவர்களும் அடியார்களே. வேர்த்து விறுவிறுத்து, வீதி முழுவதும் ஓடி, முருகனுக்கு எதிரே சூரனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். போர் முடிந்ததும் அந்தச் சூரனை எறிந்துவிடுவதில்லை. துடைத்துக் கோயிலிலேயே பக்குவமாக வைத்து, அடுத்த வருடம் வர்ணம் பூசுகிறார்கள். எதிரியையும் கோயிலுக்குள் வைத்துப் பராமரிக்கும் மரபு அது. எமது பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

இன்னொரு கதையையும் சொல்லாமல் விட முடியாது. மகாவம்சத்தில் விஜயன் இத்தீவுக்கு வந்திறங்கியபோது இங்கிருந்தவர்கள் இயக்கர் என்று சொல்லப்படுகிறது. மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த குவேனி அந்த இயக்கர் குலத்துப் பெண். விஜயனை மணந்து, தன் இனத்தவரையே வெல்ல அவனுக்கு வழிகாட்டினாள். இரண்டு பிள்ளைகளும் பெற்றாள். பிறகு மதுரையிலிருந்து இளவரசி வரப்போகிறாள் என்றதும் விஜயன் அவளை அனுப்பிவிட்டான். தன் ஆட்களிடம் திரும்பிப் போன குவேனியை அவர்கள் கொன்றுவிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் மலைநாட்டுப் பக்கம் தப்பி ஓடினார்கள். வரலாற்றுப் பாடத்தில் இதைச் சில வரிகளில் கடந்துவிடுகிறோம். 'இயக்கர்' என்ற சொல்லைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு வாசித்தால் அங்கே தெரிவது நூல் நூற்கத் தெரிந்த ஒரு பெண்ணும் அநாதையாகிய இரண்டு குழந்தைகளும்தான். நல்ல அரக்கி ஒருத்திக்கு இரு பக்கமும் என்ன கிடைத்தது என்பதற்கு அவளைவிட வேறு சாட்சி வேண்டாம். அதே தீவில், கொழும்புக்கு அருகே களனி விகாரையில், அரக்கர் குலத்து வீடணனைக் காவல் தெய்வமாக வைத்துச் சிங்கள மக்கள் வழிபடுகிறார்கள் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். ஒரே மண்ணில் ஒரு குலத்தை விரட்டிய கதையும் இருக்கிறது, கும்பிட்ட கதையும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் ஏன் இந்த நூற்றாண்டு மேடையில் சொல்கிறோம்? இந்த நூறு ஆண்டுகளில் கடைசிப் பகுதியில் எமது பாடசாலைப் பிள்ளைகள் இடம்பெயர்ந்தார்கள், உறவுகளை இழந்தார்கள், நாடு விட்டு நாடு போனார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பக்கமும் மறுபக்கத்தைப் பேய்கள் என்றும் மிருகங்கள் என்றும் பேசக் கேட்டோம். எந்தச் சமூகமும் இதற்கு விலக்கல்ல. மதம், சாதி, ஊர் என்று எதைப் பிடித்தும் அந்தப் பேச்சு வளரும். ஆளை மிருகம் என்று சொல்லிப் பழகிய பின்புதான் ஆளுக்கு ஆள் செய்யக்கூடாததைச் செய்கிறார்கள். போர் ஓய்ந்த பின் பிறந்த பிள்ளைகள் அந்தப் பேச்சை எங்கிருந்து பழகுவார்கள்? வீட்டுக் குசினியில் நாம் கதைப்பதிலிருந்தும், அவர்கள் வாசிக்கும் கதையிலிருந்தும்தான்.

தீமை இல்லை என்று பிள்ளைக்குச் சொல்லவேண்டாம். தீமை உண்டு, அதற்கு எதிரே நிற்கவும் வேண்டும். டோல்கீன் கதையிலேயே பெருந்தீமை செய்பவர்களில் ஒருவன் வெள்ளை உடுத்த ஞானி. மறுபுறம், அருவருக்கத்தக்க கொல்லம் என்ற பிராணியைக் கொல்லக் கிடைத்த வாய்ப்பில் பில்போ இரங்கி விட்டுவிடுகிறான். அந்த இரக்கம் இல்லாதிருந்தால் கதையின் முடிவில் உலகமே தப்பியிராது. செய்கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். பிறப்பைப் பார்த்துச் சொல்லக்கூடாது. ஆகவே எமது தலைப்புக்கு எமது விடை இது: ஓர் இனத்துக்குத் தாயும் மொழியும் உண்டு என்று கதை சொல்லிவிட்டால், அதில் நல்லவர் இருந்தே தீருவர். காணவில்லை என்றால் கதை சொன்னவர் தேடவில்லை என்றே கொள்ளவேண்டும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டையொட்டிப் பாடசாலை நூலகத்துக்குப் புத்தகங்கள் அன்பளிப்புச் செய்யப் பலர் முன்வந்திருக்கிறீர்கள். டோல்கீனையும் பிரச்செட்டையும் அனுப்புங்கள். கம்பனையும் கந்தபுராண வசனத்தையும் அவற்றுக்குப் பக்கத்திலேயே, அதே தட்டில் வைக்கச் சொல்லுங்கள். முடியுமானால் சிங்களச் சிறுவர் கதைகளின் தமிழ் மொழிபெயர்ப்புகளையும் சேருங்கள். வீட்டில் பிள்ளையோடு வாசிக்கும்போது, போர் முடிந்த பக்கத்தில் ஒருமுறை நிறுத்தி, "தோற்றவர்கள் வீட்டில் இப்ப யார் காத்துக்கொண்டிருப்பார்கள்?" என்று கேளுங்கள். பதில் அவர்கள் சொல்வார்கள்.